சத்தியமும் கணக்கும்: வன்னியில் குடியைக் குறைத்த ஒருவரின் அனுபவம்

இலங்கையின் வடக்கே வன்னியில் குடியை விட நினைக்கும் ஆண்கள் பெரும்பாலும் முதலில் செய்வது சத்தியம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் முன்னால், புதூர் நாகதம்பிரான் முன்னால், கத்தோலிக்கராக இருந்தால் மடு மாதாவின் முன்னால் அந்தச் சத்தியம் நடக்கும். தாயோ மனைவியோ பக்கத்தில் கண்கலங்கி நிற்பார்கள். சொல்பவர் உண்மையான மனத்தோடுதான் சொல்கிறார் என்பதில் எனக்கு ஒருபோதும் ஐயம் இருந்ததில்லை. சில கிழமைகள், சில வேளை சில மாதங்கள், அது நிற்கும். பிறகு ஒரு செத்த வீடோ சாமத்திய வீடோ வரும், ஒரு மிடறு உள்ளே போகும், சத்தியம் உடைந்துவிடும். உடைந்த சத்தியத்தில் பாதி மிஞ்சுவதில்லை. "கெட்டது கெட்டுப் போச்சு, இனி என்ன" என்று அன்றிரவே பழைய அளவையும் தாண்டிக் குடித்தவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நானும் வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போகிறவன். தெய்வத்தின் மேல் வைக்கும் நம்பிக்கையை இங்கே குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் குடியைக் குறைப்பதற்கு எனக்குச் சத்தியத்தைவிட அதிகம் உதவியது கணக்கு. எவ்வளவு, எந்த நேரத்தில், யாரோடு, எந்தக் காசில் என்று எழுதி வைக்கும் கணக்கைச் சொல்கிறேன். கணக்கில் ஒரு நாள் தவறினால் அந்த ஒரு நாள்தான் தவறாகும். மறுநாளுக்கு வேறொரு வரி இருக்கும். நாற்பது ஐம்பது வயதில், வேலைக்கும் போய், பிள்ளைகளையும் வளர்த்து, பொழுதுபட்டதும் போத்தலைத் தேடுகிற என்னைப் போன்றவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன். காலையில் எழுந்ததும் கை நடுங்கி, குடித்தால்தான் நடுக்கம் அடங்கும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இந்த வழி பொருந்தாது, ஆபத்தானதும்கூட. அவர்களைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன். அந்தப் பகுதியைத் தயவுசெய்து தவறவிட வேண்டாம்.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுபவன். வட்டக்கச்சிப் பக்கத்தில், இரணைமடுக் குளத்து வாய்க்கால் பாயும் காணியில் வயலும் செய்கிறேன். போர்க்காலத்தில் எங்கள் ஊரில் சாராயப் போத்தலைக் காண்பது அரிது. கசிப்பு என்ற கள்ளச் சாராயம் காய்ச்சியவர்களை விடுதலைப் புலிகளின் நிர்வாகம் தண்டித்தது. 2009 இல் எல்லாவற்றையும் இழந்து, செட்டிகுளம் முகாம்களில் இருந்துவிட்டு, மீள்குடியேற்றம் என்று திரும்பி வந்து தறப்பாள் கொட்டிலில் குடியிருந்த காலத்தில், ஏ-9 வீதியில் மதுக்கடைகளும் திறக்கத் தொடங்கின. பின்னர் அவை கூடிக்கொண்டே போயின. 2024 இல் கிளிநொச்சிக்கு வழங்கப்பட்ட புதிய அனுமதிப்பத்திரங்கள் நாடாளுமன்றம் வரை பேசப்பட்டன. இத்தனை இழப்புகளைக் கண்ட ஒரு சிறிய மாவட்டத்தில் இத்தனை கடைகள் எதற்கு என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனாலும் கடை இருந்ததால் மட்டும் குடித்தோம் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. எங்களில் பலர் நித்திரைக்காகக் குடித்தோம். இருட்டியதும் இறுதிப் போரில் கண்ட மாத்தளனும் முள்ளிவாய்க்காலும் கண்ணுக்குள் வந்து நிற்கும். ஒரு கால் போத்தல் போட்டால் கண் சொருகிவிடும். அது மருந்துபோல் வேலை செய்வதாகவே தோன்றியது. மருந்தென்று ஒன்றை நம்பிவிட்டவனிடம் அதைக் குறை என்று சொல்வது எளிதல்ல என்பதால்தான், உபதேசங்கள் எங்கள் ஊரில் எடுபடுவதில்லை.

எனக்குக் கணக்கைக் காட்டித் தந்தவர் பிரஷர் கிளினிக்கில் இருந்த ஓர் இளம் வைத்தியர். குளிசை எடுத்தும் பிரஷர் இறங்கவில்லை; வயிற்றை ஸ்கான் செய்து பார்த்ததில் ஈரலில் கொழுப்புப் படிந்திருந்தது. குடிக்கிறதுண்டா என்று கேட்டார். "கொஞ்சம் எடுப்பன் டொக்டர்" என்றேன். "கொஞ்சம் எண்டா எவ்வளவு?" என்று திரும்பக் கேட்டுவிட்டு, உலக சுகாதார நிறுவனம் தயாரித்த பத்துக் கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தார். எத்தனை நாளைக்கு ஒருமுறை, ஒரு தடவையில் எவ்வளவு, தொடங்கினால் நிறுத்த முடியாமல் போனதுண்டா, காலையில் எழுந்து குடித்ததுண்டா, முதல் நாள் நடந்தது மறந்துபோனதுண்டா, வீட்டாரோ வைத்தியரோ குறைக்கச் சொன்னதுண்டா என்று அவை போகும். மொத்தப் புள்ளிகள் நாற்பது. எட்டைத் தொட்டாலே குடி தீங்கு செய்யும் பக்கத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். இருபதைத் தொட்டால் அதை ஒரு நோயாகவே பார்த்துச் சிகிச்சை தர வேண்டும். நான் இடையில் நின்றேன். குறைத்துப் பார்க்க இன்னும் இடமிருக்கிறது, ஆனால் அளவு தெரியாமல் எதையும் குறைக்க முடியாது என்றார்.

அந்த அளவை எப்படிப் பார்ப்பது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களுக்குள் நடக்கும் பாதி ஏமாற்று இங்கேதான் இருக்கிறது. போத்தலில் மதுசாரத்தின் சதவீதம் அச்சிட்டிருக்கும். குடித்த மில்லிலீற்றரை அந்தச் சதவீதத்தால் பெருக்கி, வருவதை 0.79 ஆல் பெருக்கினால் உடம்புக்குள் போன தூய மதுசாரம் எத்தனை கிராம் என்பது கிடைக்கும். அந்தப் பத்துக் கேள்விகளில் ஓர் அளவு என்பது 10 கிராம். 33.5 சதவீதச் சாராயத்தில் 180 மில்லிலீற்றர் கால் போத்தலைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 48 கிராம் வருகிறது. அதாவது ஐந்து அளவுக்குச் சற்றே குறைவு. "ஒரு கால்தானே" என்று நாங்கள் சொல்லும் கால், ஒரு மனிதன் ஒரே இருப்பில் எடுக்கும் பெரிய அளவு. பியர் குடித்தால் ஒன்றும் செய்யாது என்பார்கள், 8.8 சதவீதக் கடும் பியர் 500 மில்லிலீற்றர் தகரம் ஒன்றில் 35 கிராம் இருக்கிறது, இரண்டு தகரம் குடித்தவர் கால் போத்தல் சாராயத்தைத் தாண்டிவிட்டார். நன்றாகப் புளித்த பனங்கள்ளில் மதுசாரம் நூற்றுக்கு ஐந்தளவில் நிற்கும் என்று வைத்துக்கொண்டால், பெரிய போத்தல் ஒன்றுக்கு மூன்று அளவு. கள்ளு உணவுதானே என்ற பேச்சை நான் மதிக்கிறேன், சீவல் தொழிலில் வாழும் குடும்பங்களையும் அறிவேன். ஆனால் ஈரல் அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை, அது மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய ஓர் அளவைத்தான் கரைக்கும்.

எவ்வளவு வரை போகலாம் என்ற கேள்விக்கு நேர்மையான பதில், தீங்கே இல்லாத அளவு என்று ஒன்றில்லை என்பதுதான். உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அதைத் தெளிவாகவே சொன்னது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மதுபானத்தைப் புற்றுநோயை உண்டாக்குபவற்றின் முதலாம் தொகுதியில் சேர்த்தது 1988 இல். ஆனால் குறைக்கத் தொடங்குபவனுக்கு எட்டிப் பிடிக்க ஓர் எல்லை வேண்டும். பிரித்தானியாவின் தலைமை மருத்துவ அதிகாரிகள் 2016 இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக, வாரத்துக்கு 112 கிராமுக்கு மேல் போகாதிருப்பது நல்லது என்றும், அதையும் ஒரே நாளில் குடித்து முடிக்காமல் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட நாட்களில் பரப்ப வேண்டும் என்றும் வழிகாட்டினர். எங்கள் கணக்கில் அது அரைப் போத்தல் சாராயத்துக்குச் சற்று மேல், ஒரு முழுக் கிழமைக்கு. பெரும்பாலான மாலைகளில் கால் போத்தல் என்றிருந்த எனக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் வியர்த்தது. அதையே என் எல்லையாக வைத்தேன். எட்ட நீண்ட காலம் எடுத்தது.

ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, சங்கத்துப் பேரேடுபோலவே நிரல் போட்டு எழுதினேன். முதல் சில கிழமைகள் எதையும் குறைக்க முயலவில்லை, எழுத மட்டும் செய்தேன். இதை யாருக்கும் வலியுறுத்திச் சொல்வேன். உடனே குறைக்கத் தொடங்கினால் தன்னைத்தானே நல்லவனாகக் காட்டும் எண்ணம் வந்து கணக்கு பொய்யாகிவிடும். எழுதிய பக்கங்களைப் பின்னால் விரித்துப் பார்த்தபோது நான் எதிர்பாராத இரண்டு விடயங்கள் தெரிந்தன. ஒன்று, ஏழு மணிக்கு முன் வயிறாரச் சாப்பிட்ட நாட்களில் நான் குடித்ததே அரிது. மற்றது, அதிகம் குடித்த நாட்கள் துக்கமான நாட்களாக இருக்கவில்லை. சம்பள நாள், நெல் விற்ற நாள், பௌர்ணமி விடுமுறையான போயாவுக்கு முதல் நாள் என்றிருந்தன. போயாவன்று கடை பூட்டு என்பதால் முதல் நாளே ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வைப்போம். வாங்கி வைத்தது அன்றே முடிந்துவிடும்.

ஆகவே முதலில் சாப்பாட்டு நேரத்தை மாற்றினோம். வேலை விட்டு வந்ததும் ஆறரைக்கெல்லாம் இரவுச் சாப்பாடு. புட்டோ இடியப்பமோ, ஒரு கறி, ஒரு சொதி, அவ்வளவே. மனைவிக்கு அது கூடுதல் சிரமம். அதனால் நான் தேங்காய் துருவிக் கொடுப்பது, மா குழைப்பது என்று அடுப்படியில் நின்றேன். வயிறு நிறைந்த பிறகு சாராயத்தின் மேல் போகும் மனம் பாதியாகிவிடுகிறது. மிஞ்சும் பாதியைக் கடத்த ஒரு வேலை வேண்டும். குடிக்க வேண்டும் என்ற உந்துதல் எழுந்து, உச்சிக்குப் போய், தானாகவே இறங்க ஏறத்தாழ அரை மணி நேரம் எடுக்கும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். என் அனுபவத்திலும் அப்படியே. அந்த அரை மணியில் சும்மா கதிரையில் இருந்தால் தோற்றுப்போவேன். ஊர்ப் பொடியள் கரப்பந்தாடும் மைதானத்துக்குப் போய்ப் புள்ளி எழுதும் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். வயல் காலத்தில் அந்த நேரத்தில் தண்ணி மாறப் போவேன். எது என்பது முக்கியமில்லை. நான் போகாவிட்டால் இன்னொருவர் "ஏன் வரேல்லை" என்று கேட்கிற வேலையாக இருக்க வேண்டும்.

வீட்டில் போத்தல் வைப்பதை நிறுத்தினேன். பெரிய போத்தல் வாங்கினால் இலாபம் என்பது உண்மைதான், ஆனால் அந்த இலாபத்தைக் குடித்தே தீர்ப்போம். குடிக்கிற நாளில் மட்டும், அன்றைக்குரிய ஆகச் சிறிய போத்தலை வாங்கினேன். ஊற்றும்போது கண்ணளவை நம்பாமல், பிள்ளைகளுக்குப் பாணி மருந்து அளக்கும் குவளையால் அளந்தேன். முதல் நாள் அந்தச் சின்னக் குவளையின் கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்து 30 மில்லிலீற்றரை அளந்து கிளாசில் ஊற்றியபோது, அடியை மட்டும் நனைத்ததுபோல் கிடந்தது. நான் வழக்கமாக ஒரு பெக் என்று ஊற்றியதில் மூன்று குவளை அடங்கியது. ஒரு கிளாஸ் முடிந்ததும் ஒரு கிளாஸ் தண்ணீர் என்ற வழக்கத்தையும் பிடித்துக்கொண்டேன்.

காசின் வழியை மாற்றியதுதான் இவற்றுள் பெரியது. வன்னியில் காசு மாதாமாதம் சீராக வருவதில்லை. காலபோக நெல் வெட்டி முடியும் மாசி, பங்குனியில் ஒரேயடியாக வரும். சிறுபோகம் செய்தால் ஆவணி, புரட்டாதியில் இன்னொரு முறை. வெட்டு மெசின் வயலை விட்டு ஏறும்போதே வியாபாரி காசை எண்ணிக் கையில் தருவார், அந்தக் கையோடு கூட்டாளிகள் சந்திக்குப் போவார்கள். உரக்கடைக் கடன், உழவுக் கூலி, அடகு வைத்த நகை எல்லாம் மறுநாளுக்குத் தள்ளிப்போகும். நான் வியாபாரியிடம் நெல்லுக் காசை மனைவியும் நானும் சேர்ந்து வைத்திருக்கும் வங்கிக் கணக்கில் போடச் சொன்னேன். முதலில் அவருக்கு அது புதினமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. வெட்டுக்கு முதல் நாளே கொடுக்க வேண்டிய கடன்களை எழுதி மனைவியின் கையில் கொடுத்துவிடுவேன். வெட்டு முடிந்த அன்று வேலை செய்தவர்களுக்குக் கூலியோடு சாராயம் வாங்கிக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. அதை நிறுத்தி, கோழிக்கறியோடு மத்தியானச் சாப்பாடும் கொஞ்சம் கூடக் கூலியும் கொடுக்கிறேன். முறைப்பட்டவர்கள் இருந்தார்கள். அடுத்த போகத்துக்கு அவர்கள் வீட்டுப் பெண்கள் தாங்களாகவே "உங்கட வயலுக்கு எங்கட மனுசன் வருவார்" என்று சொல்லியனுப்பினார்கள்.

யானைக்கும் பன்றிக்கும் இரவுக் காவல் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காவல் கொட்டிலில் குளிருக்கும் பயத்துக்கும் என்று குடிக்கிறோம். மதுசாரம் தோலுக்கு இரத்தத்தைத் தள்ளுவதால் சூடுபோல் தெரிகிறதே தவிர, உடம்பின் உள்வெப்பம் வெளியேறிவிடுகிறது. வெறியில் இருப்பவன் யானை எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதையும் சரியாக மதிக்க மாட்டான். போத்தலுக்குப் பதில் ஒரு பெரிய பிளாஸ்கில் பால் விடாத இஞ்சித் தேநீர் கொண்டுபோகத் தொடங்கினேன். பக்கத்து வயல்காரர்களும் இப்போது அதைக் குடிக்கவே என் கொட்டிலுக்கு வருகிறார்கள்.

கொண்டாட்டங்கள்தான் கடினம். கலியாண வீட்டில் பந்தலுக்குப் பின்னால், செத்த வீட்டில் உழவு மெசினுக்குப் பின்னால் ஒரு கூட்டம் இருக்கும். போகாவிட்டால் பெருமை பிடித்தவன் என்பார்கள். நான் போகாமல் இருக்கவில்லை. குடியைக் குறைப்பதற்காக மனிதர்களை விட்டுவிட்டால், அந்தத் தனிமையே மீண்டும் குடிக்க வைக்கும். முன்கூட்டியே கையில் ஒரு சோடாவை எடுத்துக்கொள்வேன். வெறுங்கையைக் கண்டால்தான் நிரப்பப் பார்ப்பார்கள். "என்ன அண்ணை, ஒண்டும் எடுக்கேல்லையோ?" என்றால், "பிரஷருக்குக் குளிசை போடுறன் தம்பி, இதோட சரிவராது" என்பதே என் பதில். இது பொய்யுமில்லை. "விட்டுட்டன்" என்று சொன்னால் அவர்களுக்கு அது ஒரு சவாலாகிவிடும், எப்படியாவது குடிக்க வைத்துக் காட்ட வேண்டும் என்ற பிடிவாதம் வரும். குளிசையோடு யாரும் வாதாடுவதில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் மச்சான்மார் விமான நிலையத்தில் வாங்கிய விஸ்கியை அன்போடு நீட்டும்போது மறுப்பது இதைவிடக் கடினம். ஒருவரிடம் முன்னதாகவே தொலைபேசியில், "மச்சான், எனக்குப் போத்தல் வேண்டாம், பிரஷர் பார்க்கிற மெசின் ஒண்டு கொண்டு வாங்கோ" என்று கேட்டேன். கொண்டு வந்தார். ஒவ்வொரு காலையும் அதில் பார்த்துக் கொப்பியிலேயே எழுதுகிறேன். குடித்த நாளுக்கு மறுநாள் எண் ஏறியிருப்பதை என் கண்ணாலேயே காண்கிறேன்.

நித்திரையைப் பற்றி முன்பு சொன்னேன். மதுசாரம் விரைவாகக் கண்ணை மூட வைக்கும், பிறகு இரவின் பிற்பாதி நித்திரையை உடைத்துவிடும். இரண்டு, மூன்று மணிக்கு நெஞ்சு படபடத்து விழிப்பதெல்லாம் அதனாலேயே. எனக்கு அந்த விழிப்பு போரினால் வருகிறது என்று பல ஆண்டுகள் நினைத்திருந்தேன்; ஒரு பங்கு சாராயத்தினால் வந்தது. குறைக்கத் தொடங்கிய முதற் சில கிழமைகள் நித்திரை இன்னும் மோசமாகும், கனவுகள் கூடும். இதை முன்கூட்டியே அறியாதவர்கள் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். பொறுத்தால் மெல்ல மெல்லச் சீராகிறது. ஈரலில் படியும் கொழுப்பும் இந்தக் கட்டத்தில் கரையக்கூடியதுதான்; ஈரல் சுருங்கி இறுகிய பிறகு அது பழையபடி திரும்புவதில்லை.

இனி, குறைக்கக் கூடாதவர்களைப் பற்றி. என் அக்காவின் கணவர், எங்கள் அத்தான், விடியற்காலையிலேயே தொடங்கி நாள் முழுவதும் குடிப்பவராக இருந்தார். ஒரு பொங்கலுக்கு முன் அம்மனை நினைத்து ஒரே நாளில் நிறுத்தினார். எல்லோரும் மகிழ்ந்தோம். அன்று பின்னேரம் அக்கா கொடுத்த தேத்தண்ணிக் கோப்பையை அவரால் பிடிக்க முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்தும் தேநீர் சாரத்தில் சிந்தியது. வியர்வை ஆறாக ஓடியது. மறுநாள் வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் இரவு ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி போர்வையில் இல்லாத எறும்புகளைப் பொறுக்கிப் பொறுக்கி எறிந்தார். "செல் வருது, எல்லாரும் பங்கருக்குள்ள இறங்குங்கோ" என்று தாதியரைக் கெஞ்சினார். ஊரில் சிலர் அம்மன் சோதிக்கிறாள் என்றார்கள், சிலர் பேய் என்றார்கள். நீண்ட காலம் நாள்தோறும் கூடுதலாகக் குடித்தவரின் மூளை திடீரென்று மதுசாரம் நின்றதும் கட்டுக்கடங்காமல் கிளர்ந்தெழுவதால் வருவது அது. வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள்ளும், மயக்கமும் பிதற்றலும் இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள்ளும் வரும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். வைத்தியசாலையில் அதற்கு மருந்து இருக்கிறது: டயசெபாம் போன்ற மருந்தைக் கூடுதலாகக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், மூளை பாதிக்கப்படாமலிருக்கத் தயமின் என்ற விட்டமின் பி1 ஏற்றுவார்கள். அத்தான் பிழைத்தார்; உளநலப் பிரிவில் தொடர்ந்து காட்டி, இன்று ஒரு சொட்டும் தொடாமல் இருக்கிறார். அவரால் குறைக்க முடியாது, முழுவதாக விடத்தான் முடியும் என்று வைத்தியர் சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டார்.

எனவே காலையில் நடுக்கம், வியர்வை, ஓங்காளம் இருப்பவரும், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவரும் வீட்டில் வைத்து நிறுத்த வேண்டாம். முதலில் மாவட்ட வைத்தியசாலைக்குப் போங்கள். நடுக்கம் முற்றி வலிப்போ பிதற்றலோ வந்துவிட்டால் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள். மனம் தாங்காத இரவுகளில் 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்குப் பேசலாம். கசிப்பைப் பற்றி ஒரே ஒரு சொல்: அதில் மெதனோல் கலந்திருந்தால் கண்பார்வை போகும், உயிரும் போகும், சாராயம் விலை ஏறியது என்று அதற்கு மாறுவது குறைப்பதாகாது. குடித்த பின் கண் மங்கினால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வீட்டுப் பெண்களுக்கு நான் சொல்வதற்குத் தயங்குகிறேன், அவர்கள் பட்டது போதும். போத்தலை ஒளிப்பதும், ஊற்றிவிடுவதும், வெறியில் இருக்கும்போது கணக்குக் கேட்பதும் பயன் தருவதில்லை. காலையில், தெளிந்த நேரத்தில், ஒரே ஒரு விடயத்தை மட்டும் பேசினால் காதில் ஏறும். என் மனைவி என்னிடம் ஒருமுறையும் சத்தியம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கொப்பியை வாங்கி அந்தக் கிழமையின் கூட்டலைச் சரிபார்ப்பார். கூடியிருந்தால், "எந்த நாள் இது?" என்று மட்டும் கேட்பார். அடிப்பவனைப் பற்றிய கதை வேறு. அங்கே குடி குறையும் வரை பொறுத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போவதும், பிரதேச செயலகத்திலுள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமோ பொலிஸிடமோ சொல்வதும்தான் முதல் வேலை.

என் கொப்பியில் இன்னும் சரிவராத மாதம் மே. முள்ளிவாய்க்கால் நினைவாகக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கும் நாட்கள் தொடங்கியதும், பதினெட்டாம் தேதி வரைக்கும் எண்கள் ஏறிவிடுகின்றன, நித்திரையும் போய்விடுகிறது. கடந்த முறை அந்தப் பக்கங்களை உளநலப் பிரிவு வைத்தியரிடம் காட்டினேன். இது குடியின் கணக்கு மட்டுமல்ல என்று சொல்லி, ஏப்ரல் மாதத்திலிருந்தே இரு கிழமைக்கு ஒருமுறை வந்து பேசும்படி நாள் குறித்துத் தந்தார். அத்தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய மோட்டார் சைக்கிளிலேயே இருவரும் போவதாக ஏற்பாடு. அந்த நாட்களில் நெல்லுக் காசும் வங்கியில் கிடக்கும் என்பதால், மே முடியும் வரை வங்கி அட்டையை மனைவியிடம் கொடுத்து வைப்பதென்றும் முடிவு செய்திருக்கிறோம்.